பழைய ஸ்போர்ட்ஸ் காரா, கொஞ்சம் புதியதா? பொள்ளாச்சி – பாலக்காடு எல்லைப் பக்கம் தினமும் ஓட்டுவோரின் கேள்விகள்

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார். எல்லைக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வேலையுமாக இருப்பவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் கார் ஆசை உள்ளவர்களும் குறைவில்லை. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் கோவைக்காரர். அவர் பெயரில்தான் செட்டிப்பாளையத்தில் பந்தயத் தடம் இருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைதான். இந்த மண்ணில் வளர்ந்த பிள்ளைக்கு வேகமான கார் மீது ஆசை வருவது இயல்பு. அந்த ஆசையோடு வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

பழையது, புதியது என்று எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

நம் ஊர்ச் சந்தையில் கிடைப்பதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். முதலாவது, 2008 வரை வந்தவை: ஹோண்டா சிட்டி வீடெக், ஃபியட் பேலியோ 1.6, முதல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். இரண்டாவது, 2009 முதல் 2016 வரை: ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ்., ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., ஃபியட்டின் அபார்த் புன்டோ, மினி கூப்பர் எஸ், போர்ஷே பாக்ஸ்டர், ஆடி டி.டி. மூன்றாவது, 2017-க்குப் பிறகு: 230 குதிரைத்திறன் கொண்ட ஆக்டேவியா வி.ஆர்.எஸ்., அதற்கடுத்த 245, ஐ20 என் லைன், பி.எம்.டபிள்யூ. எம்340ஐ.

சிட்டியும் போலோவும் ஸ்போர்ட்ஸ் காரா என்று சிலர் கேட்பார்கள். இரண்டு கதவு இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இந்தப் பக்கம் பேச ஆளே இருக்காது. ஓட்டும்போது முகத்தில் சிரிப்பு வந்தால் எனக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான்.

வீட்டில் ஒரே கார்தான் வைத்துக்கொள்ள முடியும். எதை வாங்கட்டும்?

2017-க்குப் பிறகு வந்ததை வாங்குங்கள். அந்தப் பணத்துக்கு வழியில்லை என்றால், இரண்டாம் வகையில் உங்கள் மெக்கானிக் ஏற்கெனவே கைவைத்துப் பழகிய எஞ்சின் உள்ளதைப் பாருங்கள். முதல் வகையை ஒரே வண்டியாக வாங்க வேண்டாம். அந்தக் கார்கள் மேல் எனக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும் இதை உறுதியாகவே சொல்வேன். காலை எட்டு மணிக்குப் பாலக்காட்டில் ட்யூட்டிக்கு நிற்க வேண்டியவருக்கு, ஏழு மணிக்கு ஸ்டார்ட் ஆகாத கார் எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை. நின்றுபோன கார் ஒரு பாகத்துக்காக மூன்று வாரம் ஷெட்டில் கிடந்தால், நீங்கள் கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸில் தொங்கிக்கொண்டே அதன் கடன் தவணையையும் கட்டுவீர்கள்.

ஆண்டை இரண்டாவதாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது, அந்த எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர் உங்களுக்கு ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறாரா என்பது. பொள்ளாச்சியில் இருப்பவருக்குக் கோவை அந்தத் தொலைவில்தான். பாலக்காட்டுக்காரருக்குத் திருச்சூர், வண்டியைப் பொறுத்துக் கொச்சி. போர்ஷே வாங்கினால் கொச்சி வரை போகத் தயாராக இருங்கள்.

பழைய காரில் அப்படி என்னதான் இருக்கிறது? எல்லாரும் ஏன் உருகுகிறார்கள்?

ஸ்டீயரிங். பழைய ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கில் முன் சக்கரத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். பாக்ஸ்டரில் 2012-ல் வந்த தலைமுறை எலெக்ட்ரிக் ஸ்டீயரிங்குக்கு மாறியது. அதற்கு முந்தையதை ஓட்டியவர்கள் இன்னமும் அந்த உணர்வைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அடுத்தது எடை. சிட்டி வீடெக் 106 குதிரைத்திறன்தான், ஆனால் வண்டி லேசு. டர்போ இல்லாத எஞ்சின் என்பதால் ஆக்சிலரேட்டரை மிதித்த அளவுக்கு அப்போதே பதில் சொல்லும். ஆறாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் அது போடும் சத்தத்தை இன்றைய எந்த 1 லிட்டர் டர்போவிலும் கேட்க முடியாது.

ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். வளைவை விட்டு வெளியே வரும்போது எவ்வளவு பவர் கொடுக்கலாம் என்பதைப் பழைய கார் உங்கள் கைக்கே சொல்லும். புதிய கார் அதைக் கணினி வழியாகப் பார்த்துக்கொள்ளும், வேகமாகவும் ஏறும். இரண்டும் வெவ்வேறு சுகம். ஆனால் நீங்கள் தினமும் போவது வால்பாறைக்கா, என்.எச். 544-ல் லாரிக்குப் பின்னாலா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த வண்டியில் எந்த ஆண்டைத் தவிர்க்க வேண்டும்?

பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான். ஒரே பெயரில் வரும் காரில் எஞ்சின் எந்த ஆண்டு மாறியது என்று தெரிந்திருந்தால் பாதி ஆபத்து நீங்கிவிடும்.

லாரா வி.ஆர்.எஸ். 2011-ல் வந்தது. 1.8 லிட்டர் டி.எஸ்.ஐ. (டர்போ பெட்ரோல்) எஞ்சின், 160 குதிரைத்திறன், ஆறு கியர் மேனுவல். ஓட்ட அருமையான கார். ஆனால் அந்தத் தலைமுறை எஞ்சினுக்கு இரண்டு பெரிய பலவீனங்கள் உண்டு. பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் தளர்ந்தால் செயின் தாண்டும், தாண்டினால் வால்வு வளையும். டென்ஷனர் மாற்றியதற்கு பில் இருந்தால் விலை பேசுங்கள். இல்லையென்றால் மாற்றும் செலவை விலையில் கழித்துவிட்டுப் பேசுங்கள். 2017-ல் 500 கார்கள் மட்டும் வந்த ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸில் இருப்பது அதற்கடுத்த தலைமுறை 2 லிட்டர் எஞ்சின். அதில் இந்த இரண்டு தொல்லைகளும் வெகுவாகக் குறைந்துவிட்டன. வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் பக்கம் கூலண்ட் கசிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் 2013-ல் வந்தது 1.2 லிட்டர் எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. எனும் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அந்தக் கியர்பாக்ஸில் இருப்பது உலர் கிளட்ச், அதாவது ஆயிலில் மூழ்காதது. கோவை உக்கடம், பாலக்காடு ஸ்டேடியம் ஸ்டாண்டு போன்ற நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். கியரை மாற்றும் மெகட்ரானிக் யூனிட் போனால் செலவு பெரிது. ஆக்டேவியா வி.ஆர்.எஸ்.ஸின் டி.எஸ்.ஜி. ஆயிலில் மூழ்கிய கிளட்ச் கொண்டது. பெயர் ஒன்றுதான் என்றாலும் உழைப்பில் பெரிய வித்தியாசம் உண்டு. அதற்கு ஆயிலைக் குறித்த காலத்தில் மாற்றியிருக்க வேண்டும், அவ்வளவே. போலோவில்தான் ஆசை என்றால், 2020-ல் வந்த 110 குதிரைத்திறன் 1 லிட்டர் டர்போவை மேனுவலில் தேடுங்கள். தினசரிக்கு இந்த விலையில் அதைவிட நிம்மதியான வேகக் கார் எனக்குத் தெரியவில்லை.

மினி கூப்பர் எஸ் வாங்குவதாக இருந்தால் 2014-க்குப் பிறகு வந்த தலைமுறையை வாங்குங்கள். அதற்கு முந்தைய 1.6 டர்போ, பெஜோவுடன் சேர்ந்து செய்த எஞ்சின். வால்வுகளில் கரி படிவதும் கூலண்ட் கசிவதும் அதில் வழக்கம். பின்னால் வந்தது பி.எம்.டபிள்யூ.வின் சொந்த 2 லிட்டர் எஞ்சின்.

போர்ஷேவின் பாக்ஸ்டர், கேமன் என்றால் 2009-தான் கோடு. அதற்கு முந்தைய எஞ்சின்களில் இடைத்தண்டு பேரிங் என்று ஒன்று உண்டு. அது உடைந்தால் எஞ்சினே போகும். 2009-ல் வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. எல்லாப் பழைய எஞ்சினிலும் அது உடைவதில்லை என்பது உண்மைதான். ஆனால் தினமும் ஓட்டும் காரில் அப்படியொரு பயத்தைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

அபார்த் புன்டோ, 145 குதிரைத்திறன். 2015-ல் 9.95 லட்சத்துக்கு வந்தது. அந்த விலைக்கு அவ்வளவு வலு வேறு எந்தக் காரிலும் வரவில்லை. டி-ஜெட் எஞ்சின் உறுதியானது, டைமிங் பெல்ட்டைக் காலத்தில் மாற்றினால் போதும். அதன் சிக்கல் எஞ்சினில் இல்லை, அடுத்த கேள்வியில் இருக்கிறது.

கம்பெனியே இந்தியாவை விட்டுப் போய்விட்டது. ஸ்பேர் கிடைக்குமா?

பில்டர், பிரேக் பேட், பெல்ட், புஷ் எல்லாம் கிடைக்கும். எஞ்சின் பாகங்களும் தேடினால் வரும். உயிரை எடுப்பவை பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, கதவு, டேஷ்போர்டு பிளாஸ்டிக் ஆகியவைதான். ஃபியட் காராக இருந்தாலும் மிட்சுபிஷியாக இருந்தாலும் இதே கதை. சாதாரண புன்டோவின் பாகம் அபார்த்துக்குப் பொருந்தும் இடங்கள் பல உண்டு, அபார்த்துக்கே உரிய பம்பருக்கு அலைய வேண்டும். சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தால் அதிர்ஷ்டம். போலோவும் 2022-லேயே நின்றுவிட்டது, ஆனாலும் வென்டோ, ரேபிட் என்று அதன் உறவுக்காரக் கார்கள் சாலையில் நிறைய ஓடுகின்றன. அதனால் அதற்கு இன்னும் பல ஆண்டுகள் கவலையில்லை.

கேரள வண்டி விலை குறைவாக வருகிறது. வெள்ளத்தில் மூழ்கியதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பயப்பட வேண்டிய விஷயந்தான் இது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடி, செங்கன்னூர் பக்கம் ஏராளமான கார்கள் மூழ்கின. துடைத்துக் காயவைத்து விற்கப்பட்டவை இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சென்னைப் பதிவெண் என்றாலும் நிம்மதி கிடையாது. 2015-லும் 2023 டிசம்பரிலும் அங்கேயும் இதேதான் நடந்தது.

சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிப்பகுதியைப் பாருங்கள். கடைசி ஓரடியில் சேற்றுக் கறை நின்றிருக்கும், அதைத் துடைக்க யாருக்கும் தோன்றாது. சீட்டுக்கு அடியில், சீட் நகரும் தடத்தின் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா? டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தில் விரல் வைத்துத் தேயுங்கள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்தால் பச்சை பூத்திருக்கிறதா? ஹெட்லைட்டுக்கு உள்ளே நீர்க்கோடு தெரிகிறதா? கார்ப்பெட் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பிறகு இன்ஷூரன்ஸ் பழைய கிளெய்ம் விவரம், சர்வீஸ் ரெக்கார்டு இரண்டையும் வாங்கி, 2018 ஜூலைக்கும் டிசம்பருக்கும் இடையில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

பழைய வகைக் கார் மூழ்கினால் பெரும்பாலும் காயவைத்துப் பிழைக்க வைத்துவிடலாம். 2017-க்குப் பிந்தையதில் டஜன் கணக்கில் கன்ட்ரோல் யூனிட்டுகள் உண்டு, சில சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். அவை உடனே சாகாது, ஒவ்வொன்றாக இரண்டு மூன்று வருடம் எடுத்துக்கொண்டு சாகும். மூழ்கிய புதிய கார் எந்த விலைக்கு வந்தாலும் வேண்டாம்.

கே.எல். நம்பர் வண்டியை வாங்கித் தமிழ்நாட்டில் அப்படியே ஓட்டலாமா?

ஓனர் பெயரை மாற்றாமல் எந்த மாநிலத்திலும் ஓட்ட வேண்டாம், அது முதல் விதி. நீங்கள் பொள்ளாச்சியில் குடியிருந்து காரை அங்கே வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநில எண்ணில் வைத்திருக்க முடியாது. புதிய எண் வாங்க வேண்டும். தினமும் பாலக்காடு போய் வருகிறேன் என்பது காரணமாகாது, கார் எங்கே தங்குகிறது என்பதே கணக்கு.

விற்பவரின் ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.). கடன் இருந்தால் படிவம் 35-ல் வங்கியின் பெயர் நீக்கம். பெயர் மாற்றத்துக்கு 29, 30. இங்கே புதிய எண்ணுக்கு 27. இவ்வளவும் சரியாக இருந்தால்தான் முழுப் பணத்தையும் கொடுங்கள். வரிதான் பலரைக் கவிழ்ப்பது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். வெளி மாநிலப் பழைய காருக்கு வயதுக்கேற்பக் குறைத்துப் போடுவார்கள். ஆனால் கணக்கு தொடங்குவது அந்தக் கார் புதிதாக விற்ற விலையிலிருந்து, நீங்கள் கொடுத்த விலையிலிருந்து இல்லை. எனவே பெரிய காராக இருந்தால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் தொகையைக் கேட்டு வாங்குங்கள். கேரளத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்குப் பொறுமை வேண்டும். இந்த வரியால் பத்து வயதான காரில் சுமை குறைவு, மூன்று வயதானதில் அதிகம். எல்லை தாண்டி வாங்குபவருக்கு நடுத்தர வயதுக் கார் லாபமாவது இதனால்தான்.

பரிவாஹன் தளத்தில் நிலுவை அபராதங்களையும் பாருங்கள். 2023 ஜூனிலிருந்து கேரளச் சாலைகளில் ஏ.ஐ. கேமராக்கள் இயங்குகின்றன. வேகக் கார் வைத்திருந்தவரின் பழைய சலான்கள் உங்கள் தலையில் விழ வேண்டாம்.

புதுச்சேரி நம்பர், வடகிழக்கு மாநில நம்பர் என்றால்?

விலகி நில்லுங்கள். வரி மிச்சம் பிடிக்கப் பொய் முகவரியில் புதுச்சேரியில் பதிந்த சொகுசுக் கார்கள் மீது 2017-ல் கேரளத்தில் வழக்குகள் வந்தன. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகச் சட்டவிரோதமாக வந்த பழைய வண்டிகளைத் தேடிச் சுங்கத்துறை கேரளத்தில் பெரிய சோதனை நடத்தி, வாங்கியவர்களின் வீட்டிலிருந்தே வண்டிகளை எடுத்துப் போனது.

15 வருடம் ஆனால் ஓட்ட முடியாதா?

ஓட்டலாம். வயதை வைத்துத் தடுக்கும் டெல்லி விதி இங்கே இல்லை. தகுதிச் சோதனைக்குக் காட்டி, கட்டணமும் பசுமை வரியும் கட்டினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக் கொடுப்பார்கள்.

பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்களே, பழைய கார் தாங்குமா?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் குழாய், சீல் எல்லாம் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய எல்லாக் கார்களுக்கும் கவனம் தேவை, பழைய வகைக்கு அதிகம் தேவை. ரப்பர் குழாய்கள் ஊதி வெடிப்பு விடுகின்றனவா என்று சர்வீஸ்தோறும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனாலுக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான், அதனால் மைலேஜ் சற்று இறங்கும். அது ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் காருக்கு அது கெடுதல், தினமும் ஓட்டுபவருக்கு அவ்வளவாக இல்லை. பழைய பெட்ரோல் காரைத் தினமும் ஓட்டுவதில் இருக்கும் ஒரு நன்மை இது.

மழைக்கு எது நல்லது?

புதியதுதான், இதில் விவாதமே இல்லை. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மழையும் சேர்ந்து வீசும்போது, வாளையார் தாண்டியதும் எதிரே வரும் லாரி தெளிக்கும் தண்ணீரில் ஒரு நொடி எதுவும் தெரியாது. அந்த நொடியில், பிரேக் போட்டால் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்.ஸும் வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈ.எஸ்.பி.யும் உங்கள் பிள்ளைகளுக்காக வேலை செய்யும். சிட்டி வீடெக் காலத்துக் கார்களில் ஈ.எஸ்.பி. என்ற ஒன்றே கிடையாது. ஏர்பேக் இருந்தாலும் அதன் வயது இருபதைத் தாண்டியிருக்கும். நான் பழைய காரைத் தினசரிக்கு வேண்டாம் என்பதற்கு ஸ்பேரைவிடப் பெரிய காரணம் இதுதான்.

எந்த வயதுக் காரானாலும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ஆறு வயதான டயரை நம்பி மழையில் இறங்காதீர்கள். ஏப்ரலில் 40 டிகிரியைத் தொடும் பாலக்காட்டு வெயில் ரப்பரை இறுக வைத்துவிடும். அதே வெயில் பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் மூடியையும் கூலண்ட் குழாயையும் உடைக்கும். மேலே துணி திறக்கும் கார் என்றால், கூரையோர வடிகால் துளைகளில் புளிய இலை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன்பே பாருங்கள். அது அடைத்தால் தண்ணீர் காருக்குள்தான் இறங்கும்.

இன்ஷூரன்ஸ்?

2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் பிரீமியம் 1000-க்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897. முதல் வகைக்காரர் பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஐந்து ஆண்டுக்குள் உள்ள காருக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பாலிசி எளிதில் கிடைக்கும், அதற்கு மேல் போகப்போகக் கடினம். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள். விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, உங்களுக்கு வராது.

ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றி வலு கூட்டிய கார் வந்திருக்கிறது. வேகம் பிரமாதம்.

மாற்றிய எக்ஸாஸ்ட், வெளியே நீளும் வீல், ரீமேப் மூன்றையும் கேரளத்தில் கடுமையாகப் பிடிக்கிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே கேரள வழக்கொன்றில் சொல்லிவிட்டது. சட்டத்தை விடுங்கள், ரீமேப் செய்த டி.எஸ்.ஐ.யின் கிளட்ச்சும் டர்போவும் எவ்வளவு அடிபட்டிருக்கும் என்று எந்த ஸ்கேனரும் காட்டாது. கைவைக்காத காரைத் தேடுங்கள். அதைத் தேட மாதங்கள் ஆனாலும் காத்திருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

விடியற்காலையில் போங்கள், எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். போனட்டைத் தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் மறுநாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். முதல் ஸ்டார்ட்டில் செயின் உரசல் சத்தம் வருகிறதா, நீலப் புகை வருகிறதா என்று ஒருவர் பின்னால் நின்று பார்க்கட்டும். பிறகு நெரிசலில் பத்து நிமிடம், நெடுஞ்சாலையில் இருபது நிமிடம். டி.எஸ்.ஜி. என்றால் முதல் கியரில் ஊரும்போது நடுக்கம் வருகிறதா என்று பாருங்கள். ஊருக்குள் வேகத்தடை எதிலாவது ஏற்றி அடி தட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் உங்கள் தெருவிலும் அது இருக்கும். கடைசியாக லிஃப்டில் ஏற்றி உங்கள் மெக்கானிக் அடியில் பார்க்கட்டும், ஸ்கேனர் போடட்டும். லிஃப்டில் ஏற்ற விடாத ஓனரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, எல்லாம் சரி. ஆனால் எனக்கு அந்தப் பழைய சிட்டி வீடெக்தான் வேண்டும்.

அப்படியென்றால் வாங்குங்கள் தம்பி, இரண்டாவது வண்டியாக. தினசரிக்கு ஒரு பழைய ஆல்ட்டோவோ ஸ்கூட்டரோ வீட்டில் இருக்கட்டும். வாங்கும் விலையில் கால் பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். முதல் வருடத்திலேயே கூலண்ட் குழாய்கள், எஞ்சின் மவுன்ட், சஸ்பென்ஷன் புஷ், நான்கு டயர், பிரேக் குழாய் எல்லாம் அதில் போகும். அவற்றை ஒருமுறை ஒழுங்காக மாற்றிவிட்டால் அந்த எஞ்சின் உங்களை வெகுநாள் கைவிடாது. அடுத்தவர் ஷெட்டில் துருப்பிடிப்பதைவிட உங்களிடம் ஓடுவது அந்தக் காருக்கும் நல்லது. வெளி மாநில என்.ஓ.சி. வேண்டாத தமிழ்நாட்டு எண்ணில், பெயின்ட் மங்கியிருந்தாலும் அடித்தகட்டில் துரு இல்லாத ஒன்றாகப் பாருங்கள். பெயின்டைப் பிறகு அடித்துக்கொள்ளலாம்.